கண்காணிக்கப்படுபவர் யார்? 'தி ட்ரூமன் ஷோ' திரைப்படத்தில் நடிப்பும் விடுதலை மயக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

பீட்டர் வியர் இயக்கத்தில் 1998ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ட்ரூமன் ஷோ' திரைப்படம், கண்காணிப்புச் சமூகத்தின் உருவகமாகவும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் வருகையை முன்னுணர்ந்த படைப்பாகவும் தொடர்ந்து வாசிக்கப்பட்டு வருகிறது. இவ்விரு வாசிப்புகளும் ட்ரூமனையே கைதியாகக் கொள்கின்றன. தான் பார்க்கப்படுவதை அறியாத ஒருவனைக் கண்காணிப்புக் கோட்பாட்டின் கைதியாகக் கொள்ள இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பார்க்கப்படுவதை அறிந்தே வாழ்கின்ற நடிகர்களே படத்தின் உண்மையான கைதிகள் என்பதையும், ட்ரூமனின் விடுதலை அவன் நடிக்கக் கற்றுக்கொள்ளும் கணத்தில் தொடங்குகிறது என்பதையும் காட்சிச் சான்றுகளின்வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கண்காணிப்பு, ரியாலிட்டி நிகழ்ச்சி, பனாப்டிகான், நடிப்பு, மெய்ப்பாடு, பார்வையாளர், ட்ரூமன் ஷோ.

முன்னுரை

ஒரு குழந்தையை நிறுவனம் ஒன்று சட்டப்படி தத்தெடுக்கிறது. மாபெரும் குவிமாடத்திற்குள் கடலும் வானும் ஊரும் அமைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 5,000 ஒளிப்படக்கருவிகள் அக்குழந்தையின் வாழ்வை இரவும் பகலும் இடைவெளியின்றி உலகெங்கும் ஒளிபரப்புகின்றன. தான் வாழ்வது ஒரு நிகழ்ச்சிக்குள் என்பதை அறியாதவன் அவன் ஒருவனே. அவனுடைய தாய், மனைவி, நண்பன், அண்டை வீட்டார், சாலையில் எதிர்ப்படுவோர் ஆகிய அனைவரும் ஊதியம் பெறும் நடிகர்கள். படம் தொடங்கும்போது நிகழ்ச்சி 10,909ஆம் நாளை எட்டியிருக்கிறது. ட்ரூமன் பர்பாங்கிற்கு வயது முப்பதை நெருங்குகிறது.

ஆண்ட்ரூ நிக்கோலின் திரைக்கதையில் ஜிம் கேரி ட்ரூமனாகவும் எட் ஹாரிஸ் நிகழ்ச்சியின் படைப்பாளரான கிறிஸ்டாஃபாகவும் நடித்த இப்படம் இயக்கம், துணை நடிகர், மூலத் திரைக்கதை ஆகிய மூன்று பிரிவுகளில் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஃபுளோரிடா மாநிலத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட சீசைட் என்னும் உண்மையான கடற்கரை ஊரே படத்தில் சீஹேவன் என்னும் பொய்யூராகக் காட்டப்பட்டது. படம் வெளிவந்த மறு ஆண்டு, 1999 செப்டம்பரில், நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' தொடங்கியது. இந்தக் கால நெருக்கமே இப்படத்திற்குத் தீர்க்கதரிசனப் பெருமையை ஈட்டித் தந்தது. அப்பெருமை முழுவதும் பொருத்தமானதன்று. 1973இல் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைத் தொடராகக் காட்டிய 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி', 1992இல் எம்டிவி தொடங்கிய 'தி ரியல் வேர்ல்ட்' ஆகியவை படத்திற்கு முன்பே வந்துவிட்டன. படம் எதை முன்னுணர்ந்தது என்பதைக் காட்டிலும் அது யாரைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது என்பதே முதலில் தெளிவுபடுத்தப்பட வேண்டியதாகும்.

பனாப்டிகானும் அதன் பொருந்தாமையும்

இப்படத்தைப் பற்றிய திறனாய்வுகளில் ஜெரமி பெந்தமின் பனாப்டிகான் என்னும் வட்டச்சிறை அடிக்கடி இடம்பெறும். நடுவே ஒரு கோபுரம். சுற்றிலும் வெளிச்சம் ஊடுருவும் அறைகள். கோபுரத்தில் இருப்பவர் கைதியைக் காணலாம். கைதி அவரைக் காண இயலாது. மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட தண்டனை வரலாற்று நூலில் இவ்வமைப்பை நவீன அதிகாரத்தின் வரைபடமாக விளக்கினார். குவிமாடத்தின் உச்சியில், நிலவுபோல் தோற்றமளிக்கும் கட்டுப்பாட்டறையில் அமர்ந்து கீழே நோக்கும் கிறிஸ்டாஃபிடம் கோபுரக் காவலரைக் காண்பது எளிது. எளிது என்பதனாலேயே அது ஐயத்திற்குரியது.

ஃபூக்கோவின் விளக்கத்தில் கோபுரத்தைவிடக் கைதியின் அறிவே முதன்மையானது. தான் பார்க்கப்படக்கூடும் என்பதைக் கைதி அறிந்திருக்க வேண்டும். எப்போது பார்க்கப்படுகிறான் என்பதை அவன் அறியாதிருக்க வேண்டும். இவ்விரண்டும் கூடும்போதுதான் அவன் தனக்குத் தானே காவலன் ஆகிறான். கோபுரத்தில் ஆளே இல்லாவிடினும் ஒழுங்கு நிலைபெறுகிறது. ட்ரூமனிடம் முதல் நிபந்தனையே இல்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று அவன் தன்னுடன் பேசி விளையாடுவது பார்ப்பவர் எவரும் இல்லை என்ற நம்பிக்கையில்தான். அவனைச் சீஹேவனில் நிறுத்தி வைத்திருப்பது கண்காணிப்பு அன்று, அச்சம். கடற்புயலில் தந்தை மூழ்கிய காட்சியைச் சிறுவயதிலேயே அவன் கண்முன் நடத்திக் காட்டி நீரைக் கண்டால் நடுங்கும்படி செய்திருக்கிறார்கள். பயண முகவர் அலுவலகச் சுவரில் மின்னல் தாக்கிய விமானத்தின் படம் தொங்குகிறது. சிகாகோவிற்குப் புறப்பட வேண்டிய பேருந்து நின்ற இடத்திலேயே பழுதாகிறது. பழைய பாணியிலான அடைப்பே இது. அவ்வடைப்பின் சுவர்கள் அவன் மனத்திற்குள் எழுப்பப்பட்டவை என்பது மட்டுமே புதிது.

அவ்வாறாயின் பனாப்டிகானின் கைதிகள் படத்தில் இல்லையா? இருக்கிறார்கள். ட்ரூமனைச் சுற்றி நிற்பவர்கள் அனைவரும் அவர்களே.

மெரிலின் சிரிப்பு

படத்தின் முதல் நிமிடங்கள் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் கடந்துவிடுகின்றன. அங்கே உண்மைப் படத்தின் பெயர்ப்பட்டியலுக்கு மாறாக, கதைக்குள் இருக்கும் நிகழ்ச்சியின் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. நடிகர்கள் கருவியை நேராக நோக்கிப் பேசுகிறார்கள். ட்ரூமனின் மனைவி மெரிலாக நடிக்கும் ஹன்னா கில் என்னும் நடிகை, தனக்குத் தனிவாழ்வு, பொதுவாழ்வு என்ற வேறுபாடே கிடையாது என்றும், இந்நிகழ்ச்சியே தன் வாழ்வு என்றும் மலர்ந்த முகத்துடன் சொல்கிறாள். நண்பன் மார்லனாக நடிக்கும் லூயிஸ், இங்கே பொய் எதுவும் இல்லை, எல்லாம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே என்கிறான். பெருமிதத்துடன் சொல்லப்படும் இவ்விரு கூற்றுகளையும் படத்தின் எஞ்சிய பகுதி மெல்ல மெல்ல அச்சமூட்டும் வாக்குமூலங்களாக மாற்றிவிடுகிறது.

லாரா லின்னி ஏற்றுள்ள மெரில் பாத்திரத்தைத் திறனாய்வாளர்கள் விளம்பரக் கேலியாகவே பெரிதும் கொண்டிருக்கின்றனர். கேலி அங்கு உண்டு. இருபத்து நான்கு மணிநேரமும் இடைவெளியின்றி ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியில் விளம்பரத்திற்கெனத் தனி நேரம் இல்லாமையால், சமையலறைக் கருவியையும் கோகோ பானத்தையும் அவள் உரையாடலுக்கு நடுவே உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறாள். ஆயினும் அச்சிரிப்பின் திசை நோக்கத்தக்கது. கணவன் எதிரே நிற்க, அவள் முகம் சற்றே விலகி, அவன் காணாத ஓரிடத்தை நோக்கித் திரும்புகிறது. வீட்டின் எந்த மூலையில் எந்தக் கருவி உள்ளது என்பதை ட்ரூமன் அறியான்; அவள் ஒரு கணமும் மறவாள். ஃபூக்கோ விவரிக்கும் கைதியின் உடல்மொழி இதுதான்.

இச்சிரிப்பு உடைந்துபோகும் காட்சியே படத்தின் கூர்மையான காட்சி எனலாம். தப்பிச்செல்லும் முயற்சி அணுவுலைக் கசிவு என்னும் நாடகத்தால் தடுக்கப்பட்டு வீடு திரும்பிய ட்ரூமன், மனைவியிடம் உண்மையைக் கேட்டு நெருக்குகிறான். அவள் விடையாக ஒரு பானத்தின் சிறப்புகளைச் சொல்லத் தொடங்குகிறாள். யாரிடம் பேசுகிறாய் என்று அவன் வினவுகிறான். கைகலப்பு மூளும் நேரத்தில், ஏதேனும் செய்யுங்கள் என்று அவள் கூரையை நோக்கி அலறுகிறாள். மார்லன் வந்து சேர்ந்ததும் அவன் தோளில் சாய்ந்து அழுதபடி, இத்தகைய நிலையில் எப்படிப் பணியாற்றுவது, இது தொழில்முறைக்கு உகந்ததன்று என்று புலம்புகிறாள். திரையரங்கில் இவ்வரி நகைப்பை எழுப்பும். ஆனால் முழுப்படத்திலும் ஒரு தொழிலாளி தன் பணிச்சூழல் பற்றி எழுப்பும் குறை இது ஒன்றே. மார்க் ஆண்ட்ரெஜெவிக் ரியாலிட்டி நிகழ்ச்சிகள் குறித்து 2004இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே பார்க்கப்படுதலை ஓர் உழைப்பாகக் குறித்தார். அக்கருத்திற்கு மெரிலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அவ்வுழைப்பின் எல்லை எது என்பதைப் படம் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. தொலைக்காட்சி நேர்காணலில் கிறிஸ்டாஃப், மெரில் விரைவில் ட்ரூமனைப் பிரிவாள், வேறொரு பெண் அறிமுகமாவாள் என்று அறிவிக்கிறார். ஒளிபரப்பில் நிகழும் முதற் கருத்தரிப்பு என்னும் தம் திட்டம் கைவிடப்படவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஒப்பந்தம் ஒரு பெண்ணின் கருப்பை வரை நீள்கிறது என்னும் இச்செய்தியின் கனத்தைப் படம் தாங்கிப் பிடிக்கவில்லை. அக்கைகலப்புக் காட்சிக்குப் பின் மெரிலைக் கதை மறந்துவிடுகிறது. ட்ரூமனுக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கும் திரைக்கதை அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதேயில்லை. இதனைப் படத்தின் பெருங்குறையாகவே கொள்ள வேண்டும்.

மார்லனின் நிலை வேறுவகையில் துயரமானது. முற்றுப்பெறாத பாலத்தின் விளிம்பில் அமர்ந்து, உனக்கு நான் பொய் சொல்வேனா என்று அவன் ட்ரூமனிடம் கேட்கிறான். அச்சொற்களை மேலிருந்து கிறிஸ்டாஃப் ஒவ்வொன்றாக ஓதிக்கொண்டிருப்பதைப் படம் அடுத்தடுத்த காட்சித்துண்டுகளில் காட்டுகிறது. நடிகனின் கண்கள் கலங்குகின்றன. அக்கண்ணீர் யாருடையது? ஏழு வயது முதல் ட்ரூமனின் நண்பன் என்று மார்லன் சொல்வது நிகழ்ச்சிக்குள் உண்மையே எனில், அவனுடைய இளமையும் அதே குவிமாடத்திற்குள்தான் கழிந்திருக்கிறது. உணர்வு உடலின்வழிக் காண்போர்க்குப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பது தமிழ் மரபு. நடிகர்களின் போலி உணர்ச்சிகளில் உலகம் சலித்துவிட்டது என்றும் ட்ரூமனிடம் போலி ஏதும் இல்லை என்றும் தொடக்கத்தில் கிறிஸ்டாஃப் சொல்லும்போது அவர் விற்பனைக்கு வைப்பது மெய்ப்பாட்டையே. அதைப் பெறுவதற்கு அவர் கையாளும் கருவி ஓதிக்கொடுக்கப்பட்ட பொய். பாலத்துக் காட்சியில் அவ்விரண்டும் ஒரே முகத்தில் கலந்துவிடுகின்றன. அங்கு மார்லன் நடிக்கிறானா உணர்கிறானா என்பதை அவனாலேயே பிரித்தறிய முடியாது என்னும் நிலைக்கு நோவா எமெரிக்கின் அடக்கமான நடிப்பு காண்போரைக் கொண்டுசெல்கிறது.

நடிக்கக் கற்ற கைதி

ட்ரூமனின் விழிப்பு படிப்படியாக நிகழ்கிறது. வானிலிருந்து, விண்மீன் பெயர் பொறித்த ஒரு விளக்கு வீழ்கிறது. மகிழுந்தின் வானொலியில் அவன் செல்லும் வழியை ஒருவர் அறிவித்துக்கொண்டே வருவது கேட்கிறது. மின்தூக்கியின் பின்புறம் சுவர் இன்றி, நடிகர்கள் இளைப்பாறும் இடம் தெரிகிறது. திருமணப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கும்போது, வாக்குறுதி பொய் என்பதற்கு அடையாளமாக மணமகள் தன் விரல்களைப் பின்னிக்கொண்டிருப்பது புலனாகிறது. இவை திறனாய்வுகளில் விரிவாகப் பேசப்பட்டவை. ஆனால் உண்மையை உணர்ந்த பின் அவன் செய்வதென்ன என்பது போதிய கவனம் பெறவில்லை.

தந்தையுடன் மீண்டும் இணைந்த பிறகு ட்ரூமன் அமைதியுற்றவனாகத் தோன்றுகிறான். காலையில் குளியலறைக் கண்ணாடியில் சோப்பால் விண்வெளி வீரனின் தலைக்கவசத்தை வரைந்து, அதற்குள் தன் முகத்தைப் பொருத்தி வழக்கம்போல் விளையாடுகிறான். அவன் நம்மைத்தான் பார்க்கிறானோ என்று கட்டுப்பாட்டறையில் தொழில்நுட்பர்கள் கலங்குகின்றனர். விளையாட்டை முடித்தவன், இது இலவசம் என்று தாழ்ந்த குரலில் சொல்லி நகர்கிறான். படத்தின் திருப்புமுனை இச்சொல்லே. தன் ஒவ்வோர் அசைவுக்கும் விலையுண்டு என்பதையும் அவ்விலை தன்னை வந்தடைவதில்லை என்பதையும் அவன் அறிந்துவிட்டான். முதன்முறையாக அவனும் ஒரு நடிகன்.

இக்கணத்தில்தான் பனாப்டிகானின் முதல் நிபந்தனை ட்ரூமனுக்குப் பொருந்தி வருகிறது. கோட்பாட்டின்படி இங்கு அவன் அடங்கிப்போக வேண்டும். மாறாக, இங்குதான் அவன் கைநழுவுகிறான். அடங்கியவன்போல் நடிப்பதே அவன் தப்பிக்கும் வழியாகிறது. அடித்தளத்தில் தூங்குவதாகப் பாவனை காட்டி, போர்வைக்குள் பொய்யுருவையும் குறட்டையொலியின் பதிவையும் விட்டுவிட்டுத் துளையின்வழி வெளியேறுகிறான். அதுவரை தன்னைச் சுற்றி நடத்தப்பட்ட நாடகத்தின் உத்திகளையே அவன் கையாள்கிறான். தேடி வந்த மார்லன் வெற்றிடத்தைக் கண்டு, ஒளிபரப்பு விதியை மறந்து கருவியை நேரே நோக்கி, அவன் போய்விட்டான் என்கிறான். நிகழ்ச்சி வரலாற்றில் முதன்முறையாக ஒளிபரப்பு நிறுத்தப்படுகிறது.

தொடர்ந்து வரும் தேடல் காட்சி மேற்கண்ட வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. மனைவியர், அண்டை வீட்டார், கடைக்காரர் என்றிருந்தவர்கள் கைகோத்து வரிசையாகத் தெருக்களைச் சலிக்கிறார்கள். நிலவு தேடுவிளக்காகிறது, கதிரவன் உரிய நேரத்திற்கு முன்பே உதிக்க ஆணையிடப்படுகிறான். கைதிகளே காவலர்களாவது பனாப்டிகானின் முற்றிய வடிவம். அவ்வரிசையில் ஒருவரும் விலகி நிற்கவில்லை.

திறந்திருந்த கதவு

படத்தின் கருத்துநிலை மோதல் நேர்காணல் காட்சியில் அமைந்துள்ளது. முன்பு நிகழ்ச்சியில் துணைப்பாத்திரம் ஏற்று, ட்ரூமனிடம் உண்மையைச் சொல்ல முயன்றமையால் வெளியேற்றப்பட்ட சில்வியா, தொலைபேசியில் கிறிஸ்டாஃபைச் சாடுகிறாள். அவரோ நிதானமாக விடையிறுக்கிறார்: ட்ரூமன் எப்போது வேண்டுமானாலும் போகலாம், மெய்யான உறுதியுடன் உண்மையைத் தேடினால் அவனைத் தடுக்க வழியில்லை, அவன் தன் சிறையை விரும்புகிறான் என்பதே உன்னை உறுத்துகிறது. விடுதலை மயக்கத்தின் இலக்கணம் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை. கதவு பூட்டப்படவில்லை, வெளியேறாதிருப்பது அவரவர் விருப்பம், ஆகவே இது சிறையன்று.

வாதத்தின் பிழை அதற்குள்ளேயே இருக்கிறது. விரும்புபவன் எவன், அவ்விருப்பத்தை வடித்தவன் எவன் என்பதை அது மறைக்கிறது. நீரச்சத்தை ஊட்டியவரே, நீ ஏன் கடலைக் கடக்கவில்லை என்று கேட்கிறார். ட்ரூமன் அச்சத்தை வென்று படகேறியதும் வாதத்தின் முதற்பாதியும் பொய்த்துப்போகிறது. தடுக்க வழியில்லை என்றவர் புயலை ஏவி, அவன் உயிர்போகும் எல்லை வரை அதை முடுக்குகிறார். விருப்பம் என்று பெயரிடப்பட்டிருந்தது மீறப்படும்போது விசை வெளிப்படுகிறது.

படகின் முனை வானத்தைக் குத்திக் கிழிக்கும் காட்சியின் அழகு பலராலும் போற்றப்பட்டது. அதுபற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை. கதவருகே நிகழும் உரையாடலில் கிறிஸ்டாஃப், வெளியுலகில் இதைவிட அதிக உண்மை ஏதுமில்லை என்றும் உன்னை உன்னைவிட நன்கு அறிவேன் என்றும் கூறுகிறார். என் தலைக்குள் நீங்கள் கருவி எதையும் வைத்ததில்லையே என்பது ட்ரூமனின் விடை. கண்காணிப்பின் எல்லையை 1998இல் அவ்வாறு உறுதியாக வரைய முடிந்தது. தேடுபொறியில் தட்டப்படும் ஐயங்களும் நள்ளிரவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கப்படும் காட்சிகளும் பதிவாகி, அடுத்த விருப்பம் கணிக்கப்படும் சூழலை ஷோஷனா ஜுபாஃப் 2019இல் கண்காணிப்பு முதலாளியம் என்னும் பெயரில் விரிவாக ஆராய்ந்தார். அந்நூலுக்குப் பின் ட்ரூமனின் விடையை அதே உறுதியுடன் கேட்க இயலவில்லை. படம் முதுமையடைந்திருக்கும் இடம் இது ஒன்றே.

விடையளித்த பின் ட்ரூமன் செய்வது வியப்புக்குரியது. தன் வழக்கமான காலை வணக்க வாசகத்தைச் சொல்லி, அரங்கக் கலைஞன்போல் குனிந்து வணங்கி, கதவின் இருளுக்குள் மறைகிறான். அன்றாடம் அண்டை வீட்டாரிடம் இயல்பாகச் சொன்ன அதே வாசகம் இப்போது அறிந்தே நிகழ்த்தப்படுகிறது. போலியற்றவன் என்று விளம்பரப்படுத்தப்பட்டவன் விடைபெறும் கணத்தில் நடிப்பையே தேர்கிறான். போலியின் உலகிலிருந்து உண்மையின் உலகிற்குச் செல்லும் பயணமாக இப்படத்தை விளக்குவோர்க்கு இவ்வணக்கம் இடர் தருவது. நடிப்பு இங்கு அடிமைத்தனத்தின் அடையாளமன்று. யாருக்காக, யார் ஆணையால், எதுவரை என்பவற்றை நடிப்பவனே முடிவுசெய்யும்போது அது அவனுடைய உடைமையாகிறது. மெரிலுக்கு வாய்க்காதது அதுவே.

பின்வந்தவர்கள்

1999இல் ரான் ஹோவர்டு இயக்கிய 'எட்டிவி' படத்தின் நாயகன் ஒப்புதலுடன் ஒளிபரப்புக்குள் நுழைகிறான். வெளியேற விரும்பும்போது ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. கலைநயத்தில் அப்படம் ட்ரூமனுக்கு நெடுந்தொலைவு பின்தங்கியது. ஆயினும் பின்வந்த நிகழ்ச்சிகளின் அமைப்பை அதுவே சரியாகக் கணித்தது. 'பிக் பிரதர்' வீட்டிற்குள் ட்ரூமன் எவரும் இல்லை. அங்குள்ள அனைவரும் மெரில்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஒப்பமிட்டவர்கள், கருவிகள் இருக்குமிடம் அறிந்தவர்கள். 2017இல் விஜய் தொலைக்காட்சியில் கமல்ஹாசன் தொகுத்தளிக்கத் தொடங்கிய தமிழ் 'பிக் பாஸ்' நிகழ்ச்சியைப் பார்த்தோர், அங்கே ஓயாது எழும் குற்றச்சாட்டு எது என்பதை அறிவர்: இவர் நடிக்கிறார். போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் இதையே சொல்லித் தாக்குகின்றனர். பார்வையாளர் இதனடிப்படையிலேயே வாக்களிக்கின்றனர். அனைவரும் அறிந்தே பார்க்கப்படும் இடத்தில் நடிக்காதவர் யார் என்று தேடுவதே ஆட்டமாகிவிட்டது. கிறிஸ்டாஃப் முப்பதாண்டுக் காலம் பொய்யால் காத்த மெய்ப்பாட்டை இந்நிகழ்ச்சிகள் போட்டியால் கறக்கின்றன. குரல் மட்டுமாக ஒலிக்கும் தலைவர் இங்கு நாள்தோறும் பேசுகிறார். மறைந்திருக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

ஒருசிலர் பலரைக் காண்பது பனாப்டிகான் எனில், பலர் ஒருசிலரைக் காணும் தொலைக்காட்சி முறையைத் தாமஸ் மேத்தீசன் 1997இல் சினாப்டிகான் எனக் குறித்தார். அப்பலரைப் படம் கொடியவர்களாகக் காட்டவில்லை. குளியல்தொட்டியில் கிடப்பவர், மதுக்கூடப் பணிப்பெண்கள், ட்ரூமன் படம் பொறித்த தலையணையை அணைத்திருக்கும் மூதாட்டியர் ஆகியோர் அவனை மெய்யாகவே நேசிக்கின்றனர். அவன் தப்பும்போது கண்ணீர் மல்க ஆரவாரிக்கின்றனர். முப்பதாண்டுகளாக அவனை உள்ளே வைத்திருந்ததும் இந்த நேசந்தான். கிறிஸ்டாஃபின் குவிமாடத்திற்குப் பொருளீட்டித் தந்தது அவர்களுடைய பார்வையே. அவனைக் கண்டு நெகிழ்ந்தவர்களில் சில்வியாவைத் தவிர ஒருவரும் நிகழ்ச்சியை நிறுத்தக் குரல் கொடுத்ததாகப் படத்தில் இல்லை. ஒளிபரப்பு ஓய்கிறது, திரை வெறுமையாகிறது. வாகன நிறுத்தகக் காவலர் இருவர் ஒரு கணம் அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். பின் ஒருவர், வேறு எதில் என்ன ஓடுகிறது என்று கேட்க, மற்றவர் நிகழ்ச்சி நிரல் இதழைத் தேடுகிறார்.